முன்பின் தெரிந்த முகம்

மைசூரை ஆண்ட ஹைதர் அலி பிறந்தது பூதிகோட்டையில். கோலார் தங்கவயலிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அவருடைய அப்பா ஃபதே முகமது இந்த ஊருக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில், 1720-ஐ ஒட்டிய ஏதோ ஒரு வருடத்தில் குழந்தை பிறந்திருக்கிறது. எந்த வருடம் என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் வித்தியாசம். அது கிடக்கட்டும். ஆள் பார்க்க எப்படி இருந்தார்? அதைச் சொல்வது இன்னும் கஷ்டம்.

படம் இல்லாமல் இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் 1780-ல் நடந்த பொள்ளிலூர்ச் சண்டையை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிதாக வரைந்துவைத்திருக்கிறார்கள். அதில் ஹைதரும் இருக்கிறார், மகன் திப்புவும் இருக்கிறார். முகலாய, தக்காண ஓவியர்களின் வழக்கம் ஆளைப் பக்கவாட்டில் காட்டுவது: ஒரு கண், ஒரு காது, மூக்கின் விளிம்பு, அவ்வளவுதான். ஐரோப்பிய ஓவியர்கள் ஆளைத் தங்கள் பக்கம் திருப்பி வரைகிறவர்கள். ஹைதர் பெயரில் ஐரோப்பாவில் அச்சான படங்களில் ‘மராத்தியரின் தளபதி’ என்று தப்பாகப் பெயரிட்ட படம்கூட ஒன்று உண்டு. பேரையே மாற்றியவர்கள் முகத்தை மட்டும் சரியாகப் போட்டிருப்பார்களா என்ற சந்தேகம் நியாயமானது.

சுவரில் இருக்கும் பக்கமுகத்தையும் காகிதத்தில் இருக்கும் நேர்முகத்தையும் ஒன்றாக வைத்து, இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டால் நம்மால் பதில் சொல்ல முடியாது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் பாதி முகத்தைத் துண்டால் மூடி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும் மச்சானை எதிர்ச்சாரியிலிருந்தே கண்டுபிடித்துக் கூப்பிடுகிறோம். இரண்டும் ஒரே வேலைதான். ஒன்றில் திணறுகிறோம், இன்னொன்றை யோசிக்காமலே செய்கிறோம். ஏன்?

திரும்பினால் ஆள் மாறும்

முதலில் இந்த வேலை எவ்வளவு கடினம் என்று பார்த்துவிடலாம். முகம் மேடு பள்ளம் உள்ள பொருள். விழித்திரையில் விழுவதோ தட்டையான படம். நேராகப் பார்க்கும்போது மூக்கு என்பது இரண்டு துவாரமும் ஓரத்தில் ஒரு நிழலும். பக்கவாட்டில் பார்த்தால் அதே மூக்குதான் முகத்தின் எல்லைக்கோடு. நேரில் மடல் மட்டும் தெரிந்த காது, பக்கவாட்டில் முழுசாக விரிகிறது. இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது நேர்முகத்தில் நல்ல அடையாளம். பக்கமுகத்தில் இருப்பதே ஒரு கண்தான், இடைவெளியை எங்கே அளப்பது?

1990-களில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஷிமோன் உல்மனும் அவருடைய குழுவினரும் இதைக் கணக்குப்போட்டுப் பார்த்தார்கள். ஒரே ஆளை வெவ்வேறு கோணத்திலும் வெளிச்சத்திலும் எடுத்த படங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை அளந்தார்கள். ஒரே கோணத்தில் எடுத்த இரண்டு வேறு ஆட்களின் படங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தையும் அளந்தார்கள். முதல் வித்தியாசம்தான் பெரும்பாலும் பெரிதாக இருந்தது. அதாவது புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டால், நேராகப் பார்க்கும் நீங்களும் நேராகப் பார்க்கும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் அதிகம் ஒத்திருப்பீர்கள். நேராகப் பார்க்கும் நீங்களும் தலையைத் திருப்பிய நீங்களும் அவ்வளவு ஒத்திருக்க மாட்டீர்கள். படத்தை மட்டும் நம்பும் கண்ணுக்கு, தலை திரும்பினால் ஆளே மாறிவிடுகிறார்.

அப்படியானால் மூளை படத்தை மட்டும் நம்பவில்லை. வேறு என்ன செய்கிறது?

முதலில் கோணம், பிறகு ஆள்

இதற்கான விடையில் ஒரு பகுதி பூதிகோட்டையிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் கிடைத்தது. பெங்களூரில் பழைய ஆட்கள் இன்னமும் ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.பி. அருண் என்பவரின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பார்ப்பது எப்படி என்பதுதான் அங்கே வேலை. அருணும் அபூர்வ ரத்தன் மூர்த்தியும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், குரங்குகளின் மூளையில் காதுக்கு உள்பக்கமாக, நெற்றிப்பொட்டை ஒட்டி இருக்கும் பகுதியைக் கவனித்தார்கள். பொருளை அடையாளம் காண்பதில் கடைசிக் கட்ட வேலை நடக்கும் இடம் அது. பல பொருள்களை வெவ்வேறு கோணத்தில் திருப்பிக் காட்டி, நரம்புச் செல்கள் எப்படித் துடிக்கின்றன என்று பதிவுசெய்தார்கள்.

படம் தெரிந்ததும் அந்தச் செல்கள் கோணத்துக்கு ஏற்றபடி துடித்தன. ஒரே பொருளாக இருந்தாலும், திருப்பி வைத்தால் வேறு மாதிரித் துடிப்பு. கண் இமைக்கும் நேரத்துக்குள் அதே செல்களின் துடிப்பு மாறியது. இப்போது எந்தக் கோணம் என்பது பின்னுக்குப் போய், எந்தப் பொருள் என்பது முன்னால் வந்தது. முதலில் ‘இப்படித் தெரிகிறது’, அப்புறம் ‘இன்னதுதான் இது’. அவர்கள் காட்டியவை பொருள்கள். முகத்துக்கும் இதே வரிசைதானா என்பதற்கு 2010-ல் வந்த இன்னொரு ஆய்வு விளக்கம் தருகிறது.

வின்ரிக் ஃப்ரைவால்ட், டோரிஸ் சாவ் என்ற இருவரும் அதைச் செய்தார்கள். குரங்கின் மூளையில் முகத்துக்கென்றே தனியாகச் சில திட்டுகள் இருக்கின்றன. நடுப்பகுதித் திட்டில் உள்ள செல்கள் கோணத்தைப் பார்த்தன: ஒன்று நேர்முகத்துக்கு, இன்னொன்று இடப்பக்க முகத்துக்கு. கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்த திட்டில் ஒரு விசித்திரம். அங்கிருந்த பல செல்களுக்கு இடப்பக்க முகமும் வலப்பக்க முகமும் ஒன்றுதான், கண்ணாடிப் பிம்பம் போல. இன்னும் முன்னால் இருந்த திட்டில் பல செல்கள் எந்தக் கோணத்தில் காட்டினாலும் அதே ஆளுக்குத் துடித்தன.

நடுவில் வரும் அந்தக் கண்ணாடிக் கட்டம் கெட்டிக்காரத்தனமான சிக்கனம். முகத்தின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அச்சு. ஒரு பக்கத்தைத் தெரிந்துகொண்டால் மறுபக்கத்தைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெங்களூர் ஆய்வில் வரிசை நேரத்தில் இருந்தது, இந்த ஆய்வில் இடத்தில் இருக்கிறது. இரண்டுமே சொல்வது ஒன்று: கோணத்தைத் தாண்டி ஆளைப் பிடிப்பது மூளை படிப்படியாகச் செய்து முடிக்கும் வேலை.

மனித மூளையிலும் முகத்துக்கென்று சிறப்பாக வேலை செய்யும் பகுதி உண்டு. நான்சி கான்விஷரும் சகாக்களும் 1997-ல் அதைத் தெளிவாகக் காட்டினார்கள். அந்தப் பகுதியில் அடிபட்டவர்கள் சிலர் கண் நன்றாகத் தெரிந்தும் முகத்தை வைத்து ஆளை அறிய முடியாமல் போகிறார்கள். ஜெர்மன் மருத்துவர் யோவாகிம் போடமர் 1947-லேயே இந்தக் குறைக்குப் பெயர் வைத்துவிட்டார். குரலைக் கேட்டதும் ‘அட, நீயா!’ என்பார்கள். முகம் மட்டும் பேசாது.

நாம் நினைப்பது போல நாம் கெட்டிக்காரர் இல்லை

இவ்வளவு இயந்திரம் உள்ளே இருந்தும், பழகாத முகம் என்றால் நாம் சறுக்குகிறோம். 2011-ல் ராப் ஜென்கின்ஸும் மைக் பர்ட்டனும் சகாக்களும் பிரிட்டனில் ஒரு எளிய சோதனை செய்தார்கள். சீட்டுக்கட்டு மாதிரி 40 முகப் படங்களைக் கையில் கொடுத்து, ஒரே ஆளின் படங்களை ஒரே குவியலில் போடுங்கள் என்றார்கள். எத்தனை ஆட்கள் என்று சொல்லவில்லை. உண்மையில் இரண்டே பெண்கள், ஆளுக்கு 20 படம். இருவரும் நெதர்லாந்தில் பிரபலமானவர்கள். பிரிட்டனில் யாருக்கும் தெரியாது. பிரிட்டன்காரர்கள் சராசரியாக ஏழெட்டுக் குவியல் போட்டார்கள். திரும்பிய தலை, மாறிய சிரிப்பு, வேறு வெளிச்சம், ஒவ்வொன்றும் அவர்களுக்கு வேறு ஒரு ஆள். அதே கட்டை நெதர்லாந்துக்காரர்களிடம் கொடுத்தபோது இரண்டு குவியலில் முடிந்துவிட்டது.

அதே படம், அதே கண். வித்தியாசம் பழக்கத்தில் மட்டும்.

தொழிலாகச் செய்தால் தேறுமா? 1997-ல் ரிச்சர்ட் கெம்ப் குழுவினர் லண்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் படம் ஒட்டிய கடன் அட்டைகளைக் காட்டிப் பொருள் வாங்க ஆட்களை அனுப்பினார்கள். சில அட்டைகளில் இருந்தது வேறு ஆளின் படம். அப்படிப்பட்ட அட்டைகளில் பாதிக்கும் மேலானவற்றை காசாளர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், எதிரிலேயே ஆள் நிற்கும்போது. 2014-ல் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் அதிகாரிகளைச் சோதித்தார்கள். தப்பான ஆளைச் சரியான ஆள் என்று அவர்கள் விட்டது 100-க்கு 14 முறை. கல்லூரி மாணவர்களைவிட அவர்கள் தேறவில்லை. வருடக்கணக்கான சர்வீஸும் கைகொடுக்கவில்லை. ஆயிரம் முகத்தைப் பார்த்தவருக்கும் ஆயிரத்து ஓராவது முகம் புதுசுதான்.

‘முன்பின் தெரியாத ஆள்’ என்று நாம் சொல்வது காலத்தைப் பற்றியது. ஆனால் முகத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. முன்னால் பார்த்ததைப் பின்னால் பார்த்ததோடு சேர்க்கத் தெரியாத ஆள்தான் நமக்கு அந்நியர்.

தங்கவயலில் முகமும் ரேகையும்

இந்த வித்தியாசம் சோதனைக்கூடத்தோடு நிற்பதில்லை. பூதிகோட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு ஊரின் வரலாற்றில் அது புகுந்திருக்கிறது.

1880-லிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனியின் நிர்வாகத்தில் கோலார் சுரங்கங்கள் வளர்ந்தன. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஊரிகம் என்று சுரங்கத்தைச் சுற்றி லைன் வீடுகள் எழும்பின. லைனில் இருப்பவர்களுக்கு ஒருவர் முகம் இன்னொருவருக்குப் பாடம். ஷிஃப்ட் முடிந்து கூண்டில் மேலே வந்தவரின் முகத்தில் அப்பியிருந்தது தூசி. கீழே இருந்தது விளக்கின் ஒரு துண்டு வெளிச்சம் மட்டும். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. வெளிச்சம் கீழிருந்து அடித்தால் தெரியாத முகத்தை அறிவது கடினம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கூட வேலை செய்கிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மேலே ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நிலைமை வேறு. ஆயிரக்கணக்கான ஆட்கள், பார்த்துப் பழகாத முகச்சாயல், பழகுவதற்கு வழியும் இல்லை. தன் கூட்டத்து முகங்களைவிட வேறு கூட்டத்து முகங்களைப் பிரித்தறிவது கடினம் என்பது 1969 முதல் திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்ட விஷயம். ‘எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள்’ என்பது பார்க்கப்படுகிறவரின் முகத்தைப் பற்றிய உண்மை அல்ல. பார்க்கிறவரின் பழக்கத்தைப் பற்றிய வாக்குமூலம்.

முகத்தை நம்ப முடியாத அதிகாரம் வேறு வழி தேடிய கதை நம் நாட்டிலேயே நடந்தது. 1880-களில் பாரிஸ் போலீஸில் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் என்பவர், பிடிபட்டவரை நேரில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் எடுத்து, உடம்பின் அளவுகளையும் குறித்துவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஒரு கோணம் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வங்காளத்தில் அந்த அளவெடுப்பு முறையைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தார்கள். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் தொடங்கியது. ரேகைகளை வகைபிரிக்கும் கணக்கை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இரண்டு இந்தியர்களின் பங்கு பெரிது. விரலுக்கு நேர்முகம், பக்கமுகம் கிடையாது. மையில் அழுத்தினால் தட்டையாகப் பதியும். கோணத்தின் தொல்லையே இல்லை.

தங்கவயலுக்கும் அது வந்து சேர்ந்தது. 1930-ல் தொழிலாளர்களின் கைரேகையைக் கட்டாயமாகப் பதிவுசெய்ய ஏற்பாடு நடந்தபோது அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தங்கம் திருட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது கம்பெனியின் கவலை. திருடனிடம் எடுப்பதைத் தன்னிடம் எடுப்பதா என்பது தொழிலாளியின் கோபம். கோபத்துக்குக் கூலியும் நடத்தையும் சார்ந்த வேறு காரணங்களும் இருந்தன. இருந்தாலும் கைரேகை அந்தத் தீக்கு ஏன் திரியானது என்று நம்மால் புரிந்துகொள்ள முடியும். லைனில் எல்லாருக்கும் முகம் தெரிந்த மனிதரை, ஆபீஸ் வெறும் விரலாக்கப் பார்த்தது.

புருவம் இல்லாத நவாப்

பழகிய முகத்தில் மூளை எதைப் பிடித்துக்கொள்கிறது? கண் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். டெல்லியில் வளர்ந்து அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹாவும் சகாக்களும் 2003-ல் பிரபலங்களின் படங்களை எடுத்து, ஒன்றில் கண்ணை அழித்தார்கள், இன்னொன்றில் புருவத்தை அழித்தார்கள். கண் போன படத்தைவிட புருவம் போன படத்தை அறிவதில்தான் பார்த்தவர்கள் அதிகம் தடுமாறினார்கள். புருவம் கறுப்புக் கோடு, தூரத்தில் தெரியும், வெளிச்சம் மாறினாலும் நிற்கும், மேட்டின் மேல் இருப்பதால் தலை ஓரளவு திரும்பினாலும் மறையாது.

இங்கே ஹைதர் திரும்ப வருகிறார். தாடி, மீசை இரண்டையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை என்று அவரிடம் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் தெ லா தூர் எழுதிவைத்திருக்கிறார். புருவத்தையும் மழித்துவிடுவார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அப்படியென்றால் அந்நியர் ஒருவர் ஒரே ஒருமுறை பார்த்து நினைவில் வைத்துக்கொள்வதற்கு அதைவிடக் கஷ்டமான முகம் இருந்திருக்காது.

உறுப்பு மட்டுமே முகம் இல்லை. நம்மிடம் ‘ஜாடை’, ‘சாயல்’, ‘முகவெட்டு’ என்று சொற்கள் உண்டு. எதுவும் மூக்கையோ வாயையோ சொல்வதில்லை, மொத்தத்தைச் சொல்கிறது. 1969-ல் ராபர்ட் யின் காட்டியது இதையொட்டியதுதான்: படத்தைத் தலைகீழாக்கினால் வீடு, விமானம் போன்றவற்றை அறிவதைவிட முகத்தை அறிவது மிக மோசமாகக் கெடுகிறது. உறுப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, அமைப்பு மட்டும் கவிழ்ந்துவிட்டது.

எந்தக் கோணம் அதிகம் சொல்லும்? ஒரே ஒரு படத்தில் ஒரு புது முகத்தைக் கற்றுக்கொண்டு, பிறகு வேறு கோணத்தில் அறிய வேண்டுமென்றால், பல சோதனைகளில் நன்றாக உதவியது முழு நேர்முகம் அல்ல. லேசாகத் திரும்பிய முக்கால் முகம். அதில் இரண்டு கண்ணும் தெரியும், மூக்கின் உயரமும் தெரியும், கன்ன மேடும் தெரியும். கல்யாணப் போட்டோ எடுப்பவர் ‘கொஞ்சம் இப்படித் திரும்புங்க’ என்று தாடையைத் தொட்டுத் திருப்புவது வீண் அலங்காரம் இல்லை. ஆதார் அட்டைக்கு நேராக உட்காரச் சொல்கிறார்கள். அது இயந்திரத்துக்கு ஒப்பிட வசதி, மனிதர் கண்டுபிடிக்க வசதி அல்ல.

தொட்டிலில் தொடங்கும் பாடம்

இந்தப் பழக்கம் எப்போது ஆரம்பிக்கிறது? 2002-ல் வந்த ஆய்வொன்றில், ஆறு மாதக் குழந்தைகள் ஒரு குரங்கை இன்னொரு குரங்கிலிருந்து முகத்தை வைத்துப் பிரித்தறிந்தன. ஒன்பது மாதக் குழந்தைகளால் அது முடியவில்லை, பெரியவர்களாலும் முடியவில்லை. எல்லா முகத்துக்கும் திறந்திருந்த கதவு, சுற்றி இருக்கிறவர்களின் முகத்துக்கு ஏற்றபடி ஒருக்களித்துக்கொள்கிறது.

அந்த முதல் மாதங்கள் தவறினால்? கனடாவில் டாஃப்னி மாரரும் சகாக்களும் இரண்டு கண்ணிலும் புரையோடு பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைச் சோதித்தார்கள். வளர்ந்த பிறகு அவர்கள் உதட்டசைவைப் படித்தார்கள், முகபாவத்தை அறிந்தார்கள், யார் எங்கே பார்க்கிறார் என்று சொன்னார்கள். தலையைத் திருப்பினால் மட்டும் அதே ஆள்தானா என்பதில் தடுமாறினார்கள். கோணத்தைத் தாண்டும் அந்த ஒரு வித்தைக்குத் தொட்டில் காலத்து வெளிச்சம் தேவைப்படுகிறது.

கதவு அதோடு அடைத்துவிடுகிறது என்றும் முடிவுகட்ட முடியாது. பவன் சின்ஹா இந்தியாவில் தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்தில், பிறவிப் புரையால் பல வருடம் பார்வையில்லாமல் இருந்த பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள். கட்டு அவிழ்த்ததும் முகம் எது, முகமல்லாதது எது என்று பிரிப்பதே அவர்களுக்குக் கடினம். சில மாதங்களில் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். முகம் பார்ப்பது அவர்களுக்குக் கண்ணெதிரே நடக்கும் படிப்பு. நமக்கு நடந்தது நினைவில் இல்லாத வயதில், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூடிய பல்லக்கு

1782 டிசம்பர் தொடக்கத்தில், சித்தூருக்குப் பக்கத்துப் பாசறையில் ஹைதர் இறந்தார். திப்பு மலபார்ப் பக்கம் இருந்தார். அவர் வந்து சேரும்வரை சாவு வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும். மந்திரிகள் உடலை வாசனைப் பொருள்கள் நிரப்பிய பெட்டியில் வைத்து, ஏதோ விலையுயர்ந்த சரக்கைப் போலக் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். கோலாரில்தான் அப்பா ஃபதே முகமதுவின் சமாதி இருக்கிறது. இங்கே பாசறையில், நவாபுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு, வழக்கமான பரிவாரத்தோடு மூடிய பல்லக்கு ஒன்று தினமும் நகர்ந்துகொண்டிருந்தது.

உருவம் ஒத்த ஒரு ஆளை உள்ளே உட்காரவைத்து, திரையை ஓரமாக விலக்கிப் பக்கமுகத்தை மட்டும் காட்டியிருக்கலாமே என்று இன்று நமக்குத் தோன்றும். அந்தப் படையில் அது ஒரு நிமிடம்கூடச் செல்லுபடியாகியிருக்காது. வருடக்கணக்கில் அவரைக் குதிரை மேலும், கூடாரத்திலும், கோபத்திலும், தூக்கக் கலக்கத்திலும் பார்த்தவர்கள் அங்கே நின்றிருந்தார்கள். புருவம் இல்லாத அந்த முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்களுக்குத் தெரியும். மூடிவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கடல் தாண்டி அச்சடித்தவர்களுக்கோ எந்த முகமும் போதுமானதாக இருந்தது. சுவரில் இருக்கும் பக்கமுகத்தையும் காகிதத்தில் இருக்கும் நேர்முகத்தையும் நாம் சேர்க்க முடியாததற்கும் காரணம் இதுதான். இரண்டையும் இணைக்கிற கயிறு படத்துக்குள் இல்லை. அது அந்தப் பாசறையில் நின்றவர்களிடம் இருந்தது. அவர்களில் கடைசி ஆள் கண் மூடியபோது அதுவும் அறுந்தது.